மச்சுக்குள்

ஐப்பசி அடைமழை கொஞ்சம் மூச்சு விட்ட ஞாயிற்றுக்கிழமை
மச்சுப் பலகையைத் தலையால் முட்டித் திறந்தேன்.
அவர் தோள் நுழையாத ஓட்டை.
வருசா வருசம் நான்தான் ஏறணும்.
அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு
“பாத்து, பாத்து” என்பார்,
வாசலில் போகிறவர்களைப் பார்த்தபடி.

கீழே அம்பாசமுத்திரத்தில்
ஃபேன் ஓடுகிற அதே ராத்திரியில்
நாலுமுக்கு லைன் வீட்டில்
தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாய்ப் பிடித்தாலும் விழாது.
தகரம் வேர்க்கும்.
விடியக்காலம் நாலு மணிக்கு
சரியாக என் இடது காதில் ஒரு சொட்டு.
ஃபேக்டரியில் பகல் முழுக்க
இலையை வறுத்தெடுக்கிற சூட்டில் நிற்கிறேன்.
அதில் ஒரு டிபன் டப்பா அளவு
வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை.

மச்சுக்குள் டார்ச் அடித்தால்
முதலில் மரநாய்ப் புழுக்கை,
அதில் அப்படியே முழுசாய்க் காப்பிக்கொட்டைகள்.
போன வருசம் பரப்பிய சாக்கெல்லாம்
ஈரம் குடித்து, எலி கடித்து,
தூக்கினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.
ஆணி ஓட்டைகளை எண்ணினேன். முப்பத்தொன்று.
தார் உருக்கி, குச்சியில் தொட்டு,
ஒவ்வொன்றாய் வெளிச்சத்தை அணைத்தேன்.
புதுச் சாக்கு விரித்து
அதன்மேல் சிமெண்டுப் பை, அதன்மேல் பழைய சேலை.
என் கல்யாணச் சேலைக்கு அடுத்த சேலை.
அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் டார்ச் மேற்கே போனது.
பத்து வீட்டுக்கும் கூரை ஒன்றுதான்.
நடுச்சுவர் மச்சு மட்டத்தோடு நின்றுவிடுகிறது,
மேலே ஒரே நீள இருட்டு.
மதலேனம்மா வீட்டு மச்சில் பாதிப் பலகை இல்லை,
ஏதோ ஒரு மழைக்கு விறகாய்ப் போயிருக்கு.
அதுவழியாகத்தான் அவள் இருமல்,
அவள் சீரியல், அவள் மகனைத் திட்டுகிற திட்டு
எல்லாம் என் பாயில் வந்து படுத்துக்கொள்கிறது.
குளிரும் இந்த வழிதான், சந்தேகமில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் மேலே வருகிற
மீன்காரரிடம் கேட்டு வைத்திருந்த
தெர்மாகோல் பெட்டிகள் ஒன்பது.
பிரித்து, அறுத்து,
சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில்
சாளை வாசத்தோடு இன்னொரு சுவர் கட்டினேன்.
டேப் ஒட்டி முடித்தபோது
என் மூச்சு மட்டும் கேட்டது.
இறங்கி வந்து அவரிடம் சொன்னேன்:
“இந்த மார்கழிக்கு ஒத்தைப் போர்வை போதும்.”

மார்கழி வந்தது.
மூன்று போர்வை.
சொட்டு விழவில்லை, அது வாஸ்தவம்.
ஆனால் பலகை பனிக்கட்டி மாதிரி,
தரை அதைவிட மோசம்.
அவர் கால் இரண்டும் என் முதுகில்.
ஓட்டை இருக்கு என்றார். இல்லை என்றேன்.
பாதி ராத்திரியில் ஊதுபத்தி கொளுத்தி
சுவர் சுவராய்ப் பிடித்துப் பார்த்தேன்,
புகை நேராக மேலே போனது.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில்
மதலேனம்மா கையைப் பிடித்தாள்.
“என்னட்டி, ஒங்க வீட்ல சத்தத்தையே காணும்?
மேலுக்குச் சொகமில்லையா, இல்ல எங்கூடப் பெணக்கா?
ரெண்டரைக்கு எந்திச்சு அடுப்பு மூட்டி
எம்பாட்டுக்கு உக்காந்திருக்கேன்.
அவருக்கு மூட்டு வலி, வெந்நி இல்லாமப் படுக்க மாட்டாரு.
முன்னல்லாம் ஒங்க வீட்டுக் கொறட்டையாவது தொணைக்கி இருக்கும்.”

ரெண்டரைக்கு அடுப்பு.
எனக்கு இத்தனை வருசமாய்
விடியும் முன் ஒரு மணி நேரம்
உடம்பு தானாகத் தளர்ந்து தூக்கம் பிடிக்குமே,
அது நான் விரித்த சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை.
புதன் சாயங்காலமே ஏறி
மேற்கே ரெண்டு பெட்டியை உருவினேன்.
மூன்றாவதில் கை வைத்து, எடுத்துவிட்டேன்.
அந்தச் சீரியல் இன்னும் முடியவில்லை.

புகையும் வருகிறது, இருமலும்.
அவர் குறட்டை அந்தப் பக்கம் போகிறது.
நேற்று அதே வழியில்
மரநாய் ஒன்றும் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது,
புதுச் சேலையின் மேல்
பழைய காப்பிக்கொட்டை.