நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு வாசகி

வரைபடம் உள்ள புத்தகம் என்றால்
முதலில் துறைமுகத்தைத் தேடுவேன்.
மலைகள் இருக்கும், கூர்கூராய், பல்வரிசை போல.
வாயில் நுழையாத பெயருள்ள காடுகள் இருக்கும்.
அரசியின் பட்டு எந்தக் கரையில் இறங்கியது,
உப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு
ஒரு புள்ளியும் இருக்காது.
சுங்கச்சாவடி இல்லாத பேரரசை
என்னால் நம்ப முடிவதில்லை.

நான் க்டினியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
கண்ணாடிக் கூண்டு, காலடியிலும் கண்ணாடி.
காற்று மிஞ்சினால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள்;
பால்டிக் கடலில் அடிக்கடி மிஞ்சும்.
அப்போது படிப்பேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
எத்தனை கிரகம், எத்தனை அரியணை,
கணக்கு வைக்கவில்லை.

தீர்க்கதரிசனம் வந்தால் மூடிவிடுவேன்.
ஆட்டிடையன்தான் அரசனாவான் என்று
மூன்றாம் பக்கத்துப் பாறையிலேயே பொறித்திருந்தால்
மீதி அறுநூறு பக்கத்துக்கு
நான் எதற்கு விரல் நனைக்க வேண்டும்?

ஒரு கிரகத்துக்கு ஒரே மொழி என்பார்கள்.
இங்கே மதியத்துக்குள்
ஆறு மொழியில் வசை கேட்டுவிடுகிறேன்.

விண்கலங்கள் இறங்கும் விதமும் பிடிக்காது.
மேசையில் தம்ளர் வைப்பதுபோல் வைக்கிறார்கள்.
நாற்பது டன் பெட்டி
கடைசி ஒரு சாணில் என்ன ஆட்டம் ஆடும் தெரியுமா?
கீழே நின்று கை காட்டுகிறவர் எங்கே?
மழையில் நனைந்த அந்தக் கையை
எந்த விண்மீன் மண்டலத்திலும்
ஒருவரும் எழுதவில்லை.

பொய். ஒருவர் எழுதினார்.
அட்டை கிழிந்த மட்டமான நாவல்,
நாயகன் மரக்கட்டை, நாயகிக்கு வேலையே இல்லை;
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்
ஏதோ ஒரு நிலவின் கிடங்கில்
ஒரு சுமைக்காரன்
கையுறை ஈரம் காயவில்லை என்று புலம்புகிறான்.
அவ்வளவுதான், பிறகு அவன் வரவே இல்லை.
அந்த ஒரு வரிக்காக
மிச்சத்தை மன்னித்துவிட்டேன்.

மியெஷ்கோவுக்கு டிராகன் ஆகாது.
இயந்திரம் பழுது பார்க்கிறவன்;
அந்த எடைக்கு அந்தச் சிறகு போதாது என்று
சாப்பாட்டு அறையில், ரசீதின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுக் காட்டுவான்.
ஒளியை முந்தும் உன் கப்பல் மட்டும்
என்ன டீசலில் ஓடுகிறது என்பேன்.
பீட்ரூட் சூப் ஆறிப்போகும்.
என் கட்சி இதுதான்:
யாராக இருந்தாலும் ஒரு பொய் கடன் தருவேன்,
ஒன்றே ஒன்று.
வட்டியை உண்மையில் கட்ட வேண்டும்.
டிராகன் பறக்கட்டும்;
அது தின்ற மாட்டுக்கு
உடையவன் ஒருவன் அழ வேண்டும்.

செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவதுதான்
இருப்பதிலேயே மலிவான தந்திரம்.
இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்,
நூலகத்தில் யோலாந்தாவிடம், மியெஷ்கோவிடம்,
கேட்காதவர்களிடமும்.

போன நவம்பரில்
பெட்டி அடுக்கின் மேலிருந்து போகுமிவா விழுந்தாள்.
எனக்குக் கை காட்டுகிறவள்.
ஆரஞ்சுச் சட்டை, இடது கைப் பழக்கம்.
மேலிருந்து பார்த்தேன்.
மேலிருந்து பார்க்க மட்டும்தான் முடியும்.

டிசம்பரில் ஒரு தொடரின் நான்காம் பாகம்.
முந்நூறாம் பக்கம், பனிக்குள்ளிருந்து
செத்த வில்லாளி எழுந்து வந்து
பசிக்கிறது என்கிறாள்.
காரணம் இல்லை, விலை இல்லை,
மந்திரத்துக்கு ஒரு விதிகூட இல்லை.
வட்டியில் ஒரு காசு கட்டவில்லை.
மூன்று முறை படித்தேன்.

திருப்பிக் கொடுத்தபோது யோலாந்தா கேட்டாள், எப்படி?
மட்டம் என்றேன்.
ஐந்தாம் பாகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில்
பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

வாக்கி டாக்கி கரகரக்கிறது. காற்று இறங்கிவிட்டதாம்.
கீழே புதுப் பையன்,
தொப்பி பெரிதாக இருக்கிறது அவனுக்கு,
வலது கையை உயர்த்துகிறான்.
கொஞ்சம் பொறு.
இந்தப் பத்தி முடியட்டும்.