ஈரத்துக்கு ரெண்டு

ஞாயிறு ராத்திரி அம்புரோஸ் வீட்டு டீவியில்
எங்கள் லயத்தைக் காட்டினார்கள்.
முப்பத்தைந்து நிமிடம். நடுவில் சோப்பு விளம்பரம்.

பனி நன்றாக வந்திருந்தது.
பனிக்குள்ளிருந்து கூடை தெரிய,
கூடைக்குக் கீழே சிவனம்மா தெரிய,
பின்னால் யாரோ வயலின் இழுத்து அழுதார்கள்.
"நான் எங்க அழுதேன்? அட்டை கடிச்சதுக்குத்
திட்டிக்கிட்டு இருந்தேன்,
திட்டுனத வெட்டிட்டானுவ" என்றாள்.

சீரியலில் இப்படி நடக்காது.
அங்கே கெட்டவளுக்கு முகம் உண்டு, புருவம் உண்டு,
கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள்.
நானூறாவது நாளிலாவது ஓர் அறை விழும்,
அதை மூன்று தடவை காட்டுவார்கள்.
பொய் என்று தெரியும்.
ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கும்.

இதிலோ கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி:
நிர்வாகம் பதிலளிக்க விரும்பவில்லை.
அடுத்தது வானிலை. மலையகத்தில் மழையாம்.

படம் பிடிக்க வந்த பையனிடம் சொல்லியிருந்தேன்:
தம்பி, என் கைய எடுக்காத,
வெடிப்பு எல்லார் கையிலயும் இருக்கு.
தராச எடு.
பதினெட்டுக் கிலோ நிறுத்தா
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு போக
துண்டுல பதினஞ்சுன்னு எழுதுற பேனாவ எடு.
வெயில் காயுற மாசியிலயும் ஈரத்துக்கு ரெண்டு.

தலையாட்டினான்.
கையைத்தான் எடுத்திருக்கிறான்.
அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை சிரித்தார்:
"நடிகையெல்லாம் வேலைக்கு வந்தாச்சா?"
அவரும் பார்த்திருக்கிறார்.
படத்தில் தான் இல்லை என்பதையும்
பார்த்திருக்கிறார்.

பின்னேரம் நிறுவையில்
ஈரத்துக்கு மூணு.