இடது ஓரம்

சிவ்ரி படகுத்துறையில்
ஞாயிறு காலை ஏழு மணிக்குப்
பதினோரு முக்காலிகள்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பீரங்கி,
இலைநிற உறை போட்டது.
சுற்றிலும் ஓர் இலை இல்லை.
எண்ணெய்த் தொட்டிகள்,
துருவேறிய இழுவைக் கப்பல்,
சேறு.

என் கையில் பெருத்த உடம்புக் கேமரா,
அதன் முகத்தில்
சிரட்டை அளவுக்கு ஒரு லென்ஸ்.
ஐம்பது மில்லிமீட்டர்.
எதையும் பக்கத்தில் இழுத்து வராது,
தள்ளியும் வைக்காது.
வேறொன்று வாங்கக் காசில்லை என்பதையும்
சொல்லிவிட வேண்டும்.

"மிச்ச லென்ஸ் வீட்டிலயா?"
என்றார் பெண்ட்சே,
பாங்கில் ஓய்வுபெற்றவர்.
என் பதினெட்டு மாதத் தவணை
அவர் லென்ஸின் மூடிக்குக் காணாது.
சிரித்து வைத்தேன்.

பூநாரைகள் வெகுதொலைவில்.
நகச்சாயத்தை யாரோ
அடிவானத்தில் தீற்றிப் பார்த்ததுபோல்
ஒரு கோடு.
பீரங்கிகள் சடசடத்தன,
தகரத்தில் ஆலங்கட்டி.
என்னுடையது முனகியது, யோசித்தது,
முன்னே போய்ப் பின்னே வந்து
பிடித்துக்கொண்டது.
டக்.
மறுபடி எடுக்கத் தோன்றவில்லை.

ஆன்டாப் ஹில் வீட்டில்
கோப்பு திறப்பதற்குள்
குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டது.
"நாரை எங்க?"
செல்லக்கனி கேட்டாள்.
"அந்தக் கோடுதான்."
"இதுக்கா அஞ்சு மணிக்கு எந்திரிச்ச?"

பெரிதாக்கினேன்.
கோடு அறுந்து கால்களாயிற்று.
ஒவ்வொரு காலுக்கும் அடியில்
தலைகீழாய் இன்னொரு கால்.
நான் பெருமையாய்த் திரும்புவதற்குள்
மவுஸை வாங்கிக்கொண்டு
இடது ஓரத்துக்குப் போய்விட்டாள்,
நான் போகாத இடத்துக்கு.

"இது யாரு?"

முழங்கால் சேற்றில் ஓர் ஆள்.
மொத்தப் படத்தில் ஒரு எள்.
உள்ளே போகப்போக
பொத்தான் இல்லாத சட்டை,
காதில் செருகிய பீடி,
கையில் ஈரக்கயிறு.
நேராக என்னையே பார்க்கிறார்.
அன்று துறையில்
அவர் பார்த்த ஆள் நான்.
நான் பார்த்ததில் அவர் இல்லை.
பத்துக்கோடிப் புள்ளிகளை வைத்துக்கொண்டு
இந்த லட்சணம்.

அடுத்த ஞாயிறு
அச்சுப்போட்ட படத்தோடு போனேன்.
ஏற்றம்; தண்ணீர் சுவர்வரை.
பறவை இல்லை, பீரங்கி இல்லை.
விசாரித்ததில் ஆள் கிடைத்தார்.
ஹரிச்சந்திர வைத்தி.

நீட்டினேன்.
முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.
படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்
தண்ணீரைத் தேடினார்.
"அன்னைக்குத்தான் என் நண்டுக்கூடு
ஒண்ணு போச்சு.
ஆரஞ்சு மிதவை. இதோ பாரு, மிச்சமான கூடு.
களவு போனது..."
விரல் இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து
காகிதம் முடிந்தும் நிற்காமல்
காற்றில் கொஞ்சம் போனது.

ஓரத்தில் ஒரு படகின் மூக்கு,
மூக்கு மட்டும்,
நீலம்.
இந்தத் துறையில்
பாதிப் படகுகளுக்கு நீல மூக்கு.

"இன்னும் நாலு விரக்கடை
இந்தப் பக்கம் திரும்பியிருந்தா
எழுதியிருக்கிற நம்பர் தெரிஞ்சிருக்குமே.
ஏன் திரும்பல?"

படத்தை நாலாக மடித்து
பீடிக்கட்டோடு பாலித்தீன் பைக்குள் வைத்தார்.
போலீஸ் சௌக்கியில் காட்டுவாராம்.
"எடுத்தது நீன்னு பின்னால எழுதிக் குடு."
திரும்ப வெளியே எடுத்து நீட்டினார்.
பெயர், தேதி, நேரம்
ஏழு இருபத்திரண்டு.
எழுதும்போது
காகிதத்தின் கீழே அவர் உள்ளங்கை
ஆடாமல் இருந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

முதலில் திரும்பித்தான் இருந்தேன்.
பெண்ட்சேயின் பீரங்கி வாய்
இடது மூலையில் துருத்தியது,
இலைநிற உறையோடு.
அது விழக்கூடாதென்று
அரை அங்குலம்
வலப்பக்கம் நகர்ந்துகொண்டேன்.