கடைமடை

முன்கால் மூட்டில் கடுகளவு வீக்கம்.
ஒரத்தநாட்டு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து
உப்பு என்றார்.
எங்கள் போர் தண்ணீருக்கும் போன வருஷம்
இதே சொல்தான்.

"மூட்டுவலி யாருக்கு?" மெடிக்கல் நவநீதம் கேட்டார்.
ஏழு மாதத் தாடி ஓணானுக்கு என்றதும்
சீட்டை இன்னொரு தரம் படித்தார்.

ஒரு மாத்திரை, பிளேடால் பதினாறு துண்டு.
இனி வெட்டுக்கிளி கிடையாது.
பூசணிப் பூவைக் கண்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

நேற்று ராத்திரி திருத்துறைப்பூண்டி முழுக்கக் கரண்ட் இல்லை.
சூட்டு பல்பு அணைந்ததும்
பனியனுக்குள் போட்டுக்கொண்டேன்.
விடியும்வரை நெஞ்சில் நகம்.
வலிக்கும்போது கறுக்கும் தாடி
கறுத்தே இருந்தது.

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை இன்னும்.

சிரிஞ்சில் ஒரு சொட்டு,
உதட்டோரம்.
நக்கு.
விரல் நுனிவரை போகணும்.