ஆடியில் எடுத்த மார்கழி

ஆல்மான்ட்டில் அன்று முப்பத்திமூன்று டிகிரி.
மில் தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ்.
கடைக் கதவுகளில் பச்சை வளையம், சிவப்பு முடிச்சு,
நடைபாதை ஓரமாய் வெள்ளைப் போர்வை விரித்து
அதன்மேல் மூட்டை மூட்டையாய்க் காகிதத் தூள்.
ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம்,
பனி எம்மாத்திரம்?
கயிற்றுக்கு அப்பால் நின்ற பையனின்
ஐஸ்கிரீமில் போய் விழுந்தது.
நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பினான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.
டொரண்டோவில் பெரிய வேலையில் இருப்பவள்
அப்பாவின் பேக்கரியை விற்க ஊருக்கு வருகிறாள்.
மரம் விற்கிறவன் ஒருவன்
அவள் கோட்டில் சூடான சாக்லேட்டைக் கொட்டுகிறான்.
தொண்ணூறாவது நிமிடத்தில்
பேக்கரி விற்கப்படவில்லை.

நானும் இருக்கிறேன் அதில்.
தெருவில் போகிறவர்கள், எண் ஒன்பது.
சம்பளம் மணிக்கணக்கு, மதியம் சாண்ட்விச்,
கம்பளிக் கோட்டு அவர்களுடையது,
உள்ளே ஓடிய வியர்வை என்னுடையது.

உதவி இயக்குநர் கிர்ஸ்டன்
கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள், எண் பதினான்கைப் பார்த்தாள்,
நிறம் பொருத்தம், உயரம் பொருத்தம்,
ஜாதகம் கேட்கவில்லை.
"நீங்கள் இருவரும் புதுமணத் தம்பதி" என்றாள்.
எங்கள் பக்கம் ஆடியில்
புதுமணத் தம்பதியைப் பிரித்துத்தான் வைப்பார்கள்.

பதினான்கின் பெயர் யதுகுலன்.
ஊர் பருத்தித்துறை, இப்போது ஒட்டாவா,
பஸ் ஓட்டுகிறான், இன்று லீவு.
கையில் காலிப் பரிசுப் பெட்டிகள் நான்கு.
"நடந்துகொண்டே கதைக்க வேணுமாம்" என்றான்.
"கதையா? அதை எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்" என்றேன்
கரூரிலிருந்து வந்த நான்.
அவன் சிரித்ததில்
மேல் பெட்டி ஒன்று கீழே விழுந்தது.
எடையே இல்லாமல் துள்ளியதைப் பார்த்துக்
கிர்ஸ்டன் தலையில் கை வைத்தாள்.

பின்னால் போகிறவர்களுக்குச் சத்தம் கிடையாது.
உதட்டை மட்டும் அசைக்க வேண்டும்.
"அவர் ஏதாவது சொல்வார்,
நீ சிரித்துத் தலையாட்டு, போதும்."
கடிகாரக் கடையிலிருந்து பாலம் வரை,
மிசிசிப்பி என்று பேர் வைத்துக்கொண்ட
சின்ன ஆற்றைப் பார்த்தபடி
நடந்தோம்.
அவன் உதட்டை அசைத்தான். நான் தலையாட்டினேன்.
கதாநாயகன் நெற்றி வழிந்தது: திரும்ப.
நாய் குலைத்தது: திரும்ப.
முத்தத்தின் நடுவில் ஒரு குளவி: திரும்ப, திரும்ப.
பதினோரு தடவை
என்ன ஏதென்று கேட்காமல்
சரி சரி என்று தலையாட்டிய பெண்
எங்கள் வம்சத்திலேயே நான்தான்.

படம் வந்தது டிசம்பரில்.
ஒட்டாவாவில், இருவரும் சேர்ந்து பார்த்த
முதல் சோபா அது. கால் ஆடும், தவணை முடியவில்லை.
கதாநாயகியின் இடது காதுக்குப் பின்னால்
நான்கு வினாடி நாங்கள்,
கலங்கலாய், நடக்கிற இரண்டு கோட்டுகள்.
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். நிறுத்தினேன்.
"என்ன சொன்னாய் இங்கே?"
"ஏழாம் நம்பர் பஸ்ஸின்ர தரிப்பிடங்கள்.
வரிசையா. வேற ஒண்டும் வாயில வரேல்லை."
"பதினோரு தடவையுமா?"
"பத்துத் தரம்."
"பதினோராவது?"

அந்த நேரம் பார்த்துப் பனி அள்ளும் லாரி வந்து
எங்கள் வாசலை அடைத்துவிட்டுப் போனது.
சொல்லிவைத்த மாதிரி எழுந்தான்,
தொப்பியைத் தேடினான், சவளை எடுத்தான்.

பேக்கரியில் விளக்கெல்லாம் எரிய
டிவியில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.
ஒன்பதும் இல்லை, பதினான்கும் இல்லை.
ஜன்னலுக்கு வந்தேன்.
இடுப்பளவு பனி, நிஜப் பனி,
காற்றுக்குப் பறக்கவே மாட்டேன் என்கிற பனி.
நடுவில் நின்று என்னைப் பார்த்து
ஏதோ சொன்னான்.
இரட்டைக் கண்ணாடி.
உதடு மட்டும் அசைந்தது.

சிரித்துத்
தலையாட்டினேன்.