குருத்தை இழுத்துப் பார்

உனக்கு இரவு ஒன்பது, எனக்கு விடிகாலை ஐந்து.
பெரட்டுக்கு அரை மணி இருக்கையில்
படம் வந்து விழுகிறது:
டண்டீ நகரில், உன் வீட்டுக் கொல்லையில்,
வெள்ளைத் துணி சுற்றிக் கயிறு கட்டி
ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற ஆள் மாதிரி
நிற்கிறது ஒரு பனை.
கீழே உன் கேள்வி:
"அண்ணே, மைனஸ் ஏழு. தாங்குமா?"

சிலிம் ரிவரில் இருக்கிற என்னைக் கேட்கிறாய்.
குளிர் என்றால் நான் கண்டது
கிளினிக்கின் ஏர்கோன்,
மீன்கடை ஆலோயின் ஐஸ் பெட்டி,
டிசம்பரில் மினிமார்க்கெட் வாசலில்
பிளாஸ்டிக் மரத்தில் ஒட்டிய பஞ்சு.

இருபத்திரண்டு வருஷம் செம்பனைக்கு அடியில்.
அண்ணாந்து அண்ணாந்து
கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.
கண்ணுக்கெட்டிய தூரம் பனை,
ஒன்றுகூட என்னுடையதில்லை.
நீ ஒன்றே ஒன்றை
எண்பது பவுண்டுக்கு வாங்கி
அதற்குப் போர்வையும் வாங்கியிருக்கிறாய்.

ரபீக்கிடம் காட்டினேன்.
அரிவாள் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தான்:
"அபாங், மரத்துக்குச் சளியா?"

பக்கத்து வீட்டு மோய்ரா வேலிக்கு மேல் எட்டி
உங்கள் ஊர் மரமா என்றாளாம்.
ஆமாம் என்றாயாம்.
அரசி, அது நம்மூர் மரமில்லை.
விசிறி இலை, நார்ச்சட்டை போட்ட தண்டு,
சீனத்து மலையில் பிறந்தது என்று
நாற்றுக்கடைச் சீட்டை நீதானே படித்துக் காட்டினாய்.
இங்கே நட்டால் புழுங்கியே செத்தாலும் சாகும்.
ஆனாலும் அவளிடம் மாற்றிச் சொல்லாதே.
அடுத்து, நீ எந்த ஊர் என்பாள்.

பள்ளியில் பனை என்று எழுதச் சொன்னால்
பனி என்று எழுதிவைப்பாய்.
வாத்தியார் அழித்தெழுதச் சொன்ன அதே பிழையை
இப்போது மண்ணில் நட்டு வைத்திருக்கிறாய்.

தெரிந்ததைச் சொல்கிறேன்.
பனைக்குக் கிளையில்லை, மறுயோசனை இல்லை.
உயிர் மொத்தமும் உச்சியில் ஒரு குருத்து.
இங்கே அதைக் கொம்பு வண்டு குடைகிறது,
அங்கே தேங்கிய ஈரம் உறைந்து குடையும்.
மட்டைகளைச் சேர்த்துக் கட்டு.
உச்சியில் வைக்கோல் திணி,
மழை இறங்காமல் ஒரு தொப்பி போடு.
அடியில் சருகு.
வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் அவிழ்த்துவிடு,
அதுவும் மூச்சு விடட்டும்.

மார்ச்சில் துணியை எடுத்தாய்.
வீடியோவில் பச்சையாகத்தான் தெரிந்தது.
குருத்தை இழுத்துப் பார் என்றேன்,
இரண்டு விரலால், மெல்ல.

கையோடு வந்துவிட்டது.

அடி பழுப்பாய், கூழாய்.
நீ முகர்ந்து முகத்தைத் திருப்பியதில்
வாடை எனக்கும் அடித்தது.
வெகுநேரம் கழித்து "எண்பது பவுண்டு" என்றாய்,
பணத்தைச் சொல்லாத குரலில்.

இங்கே என்றால் மண்டோர் குணாளன்
சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு
அடுத்த நிரைக்குப் போயிருப்பார்.
காய்க்கிற மரத்துக்கே வயசாகிவிட்டதென்று
தண்டில் துளையிட்டு விஷம் ஏற்றுகிற இடம் இது.
போன வாரம் நாற்பது மரத்துக்கு நானே ஏற்றினேன்.
அதை உன்னிடம் சொல்லவில்லை.
அழுகலைத் துடை, காயவிடு,
செம்பு மருந்து ஊற்று, பிடுங்கிவிடாதே, காத்திரு என்றேன்,
தெரியாத ஒன்றைத்
தெரிந்த குரலில்.

ஜூலைக் கடைசி.
வெட்டிய மட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கையில்
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
உச்சியில் ஓர் இலை,
பிள்ளை கத்தரித்து விளையாடிய காகித விசிறி போல்
நுனியில்லாமல், பாதியாய், அவலட்சணமாய்.
"இப்படித்தான் வருமா?"

உள்ளே சுருண்டிருந்தபோது பட்ட காயம், அரசி,
வெளியே வந்து காட்ட இத்தனை நாள் ஆகியிருக்கிறது.
அடுத்தது முக்கால் இருக்கும்.
அதற்கடுத்தது

ரபீக் கத்துகிறான்.
குலை விழுகிறது, தள்ளி நிற்க வேண்டும்.