பச்சை

மத்திய வீதியில் நுஸ்கியின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறது
எனக்கு எட்டியும் எட்டாத விலை.
"பாவிச்சதுதான் அக்கா, ஆனா பற்றரி எண்பத்தாறு வீதம்"
என்கிறான்,
சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து
பல்லைக் காட்டுகிறவன்போல்.

பக்கத்தில் என்னுடையது.
வலது மூலையில் வெடிப்பு,
கிண்ணியாப் பாலத்தில் பஸ் பிரேக் அடித்த அன்று.
தொட்டால் சிலவேளை கேட்கும்,
சிலவேளை யோசிக்கும்.
வாங்கி ஏழு வருசம்.

ஸ்காபரோவில் இருந்து ரஜிதா:
மாறிவிடு அக்கா.
நீ ஒருத்தி உள்ளே இருக்கிறதால்
குடும்பக் குழுவில் எல்லாருடைய எழுத்தும்
நீலம் போய்ப் பச்சையாகிறது.
பிள்ளைகள் கேட்கிறார்கள்,
பெரியம்மாவிடம் என்ன போன் என்று.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருசம்.
இரண்டு குழாய்களை வெளிச்சத்துக்குப் பிடித்து
எது கலங்கல், எது தெளிவு என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.
ஆகவே ஒரு தாளில் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம்:
இரண்டு சிம், ஒன்று உப்புவெளிக்கு, ஒன்று மூதூருக்கு.
உடைந்தால் எந்தக் கடையிலும் சாமான்.
நைட் டியூட்டியில் யாரிடமும் கடன் கேட்கக்கூடிய வயர்.
அந்தப் பக்கம்:
படம் துல்லியம், அடுத்த அஞ்சாறு வருசம் கவலையில்லை,
விற்றாலும் பாதிக் காசு வரும்.
பிறகு, கொஞ்சம் சிறிய எழுத்தில்,
ரஜிதா.

பஸ் நிலையத்தில் வடையை அதில்தான் வைத்திருந்தேன்.
பின்னால் மூச்சுக் கேட்டது.
புள்ளிமான். கொம்பில் யாருடையதோ
ஷொப்பிங் பையின் கைப்பிடி.
வடையை விட்டுவிட்டுத் தாளை இழுத்தது.
ரஜிதா பக்கத்தில் இருந்துதான் தொடங்கியது,
பிறகு கோடு,
பிறகு மூதூர், உப்புவெளி எல்லாம்.
நான் தடுக்கவில்லை.
முடிவு எடுக்கத் தெரிந்த ஒரு சீவனை
அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்க்கிறேன்.

மறுநாளும் போனேன்.
"எல்லாம் இதுக்கு மாத்தலாம் அக்கா.
ஒரு வயர், ஒரு மணித்தியாலம்,
நடுவில கரண்ட் போகாட்டி சரி."
எது வராது, என்றேன்.
"காசு குடுத்து வாங்கின அப் வராது."
நான் எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை.
ஆகவே நட்டம் ஒன்றுமில்லை
என்று அவன் சிரித்தான். நானும்தான்.

பிறகு, சும்மா, பழையதில் 'ர' தொட்டேன்.
ரத்தம் என்றது. அடுத்ததாய் ரஜிதா.
'சா' தொட்டேன்.
சாப்பிட்டியா என்று கேட்டது.
'நா' என்றால் நாளைக்கு நைட்.
ஏழு வருசமாய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டு
என் வாயைப் பார்த்திருக்கிறது இது.

புதியதில் 'ர' தொட்டேன்.
ரயில் என்றது,
யாருக்கும் சொல்வதை எனக்கும் சொல்லி.
இரவு ரயிலில் ரஜிதா கொழும்புக்குப் போனதும்
பிறகு அங்கிருந்து போனதும்
அதற்குத் தெரிய நியாயமில்லை.

ஐயாயிரம் முற்பணம் கட்டினேன்.
பற்றுச்சீட்டில் என் பெயரைப் பிழையாய் எழுதினான்,
திருத்தச் சொல்லவில்லை.
"பழசைத் தந்தால் ஒம்பதாயிரம் கழிக்கலாம்."
வேண்டாம், அது இருக்கட்டும்.
"என்னத்துக்கு?"
அலாரத்துக்கு, என்றேன்.

டொக்யார்ட் வீதியில் நடந்துகொண்டே எழுதினேன்:
எடுக்கிறன், வெள்ளிக்கிழமை கையில் வரும்.
உள்துறைமுகத்தில் ஒரு கப்பல்
மூன்று நாளாய் அதே இடத்தில்,
உள்ளே வருகிறதா வெளியே போகிறதா தெரியாமல்.

அவளுக்கு அங்கே விடியப்புறம் நாலு மணி.
தூங்கவில்லைப் போல.
உடனே வந்தது பதில்:
எந்தக் கலர்?

கறுப்பு.
அவன் கடையில் அதுதான் இருந்தது.